பேரனைத் தூக்கும் முன் வாட்சைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து 18 நாள் ஆகிறது. குழந்தையைத் தூக்கப் போனாலே, "அப்பா, வாட்சைக் கழற்றி வச்சிட்டு சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்கிறாள். நான் கை கழுவாமல் தூக்குகிறவன் இல்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து தடவை வாட்சைக் கழற்றி மாட்டுவது பெரிய தொல்லையாக இருக்கிறது. தோல் பட்டை போட்ட, சாவி கொடுக்கிற பழைய வாட்ச். ஈரம் படக் கூடாது என்று முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுத்தான் கை கழுவுகிறேன். விரலை நன்றாகக் கழுவினால் போதாதா? மணிக்கட்டில் இருக்கும் வாட்ச் குழந்தையை என்ன செய்துவிடும்? இன்னொன்று, சில மாதங்களாகப் பட்டைக்கு அடியில் அரிப்பும் கருமையும் இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? - வாசகர், கும்பகோணம்.

பதில்: தாத்தா ஆனதற்கு முதலில் வாழ்த்துகள். வழக்கில் என் தீர்ப்பு உங்கள் மகளுக்குச் சாதகமாகத்தான். ஆனாலும் நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கை வழியாகப் பரவும் நோய்கள் பெரும்பாலும் விரல் வழியாகத்தான் போகின்றன. கண்ணைக் கசக்குவதும் மூக்கைத் தொடுவதும் சோற்றைப் பிசைவதும் விரல்தானே தவிர மணிக்கட்டு இல்லை. பலரும் கை கழுவும்போது சரியாகத் தேய்க்காமல் விடுகிற இடங்கள் விரல் நுனி, கட்டைவிரல், விரல் இடுக்கு. வாட்சைக் கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு, குழாயடியில் நான்கு விரலை மட்டும் நனைத்துக்கொண்டு வருகிறவரைவிட, வாட்சோடு நின்று நிதானமாக நகக்கண் வரை தேய்த்துக் கழுவுகிறவர் கை எவ்வளவோ சுத்தம். ஆகவே சாப்பாட்டுக்கு முன், கழிப்பறைக்குப் பின் என்று அன்றாடம் கழுவுவதற்கெல்லாம் வாட்சைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கழுவிய பிறகு வாட்சைத் தொடாமல் இருந்தால் போதும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள்.

மருத்துவமனை ஊழியர்களின் கைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. வாட்ச் கட்டியவர்களின் மணிக்கட்டில் கட்டாதவர்களைவிட அதிகக் கிருமிகள் இருந்தன. ஆனால் விரல்களில் அப்படி அதிகமாக இல்லை. வாட்சைக் கையால் தொட்டு நகர்த்தியபோதுதான் விரல்களிலும் கூடியது. இப்போது நீங்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். வாட்சை மேலே ஏற்றுகிறீர்கள், சோப்பு போட்டுக் கழுவுகிறீர்கள், குழாயை மூடுகிறீர்கள், ஈரக் கையாலேயே வாட்சைப் பழைய இடத்துக்கு இழுத்து விடுகிறீர்கள். அப்புறம் பேரனைத் தூக்குகிறீர்கள். ஒரு நிமிடம் செலவழித்துச் சுத்தம் செய்த விரல், குழந்தைக்கு முன்னால் கடைசியாகத் தொட்டது அந்தத் தோல் பட்டையை.

பட்டையில் அப்படி என்ன இருக்கிறது? கையை ஒரு நாளைக்குப் பத்து தடவை கழுவுகிறோம், சட்டையைத் தினமும் துவைக்கிறோம். வாட்ச் பட்டையை வாங்கிய நாளிலிருந்து யாராவது கழுவியிருக்கிறோமா? வேர்வை, செத்த தோல், சோப்பின் மிச்சம், கடைத்தெருவில் மீன் வாங்கிய நாளின் ஈரம் எல்லாம் அந்தத் தையலுக்குள் இருக்கிறது. இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நம் தோலிலேயே காலம் காலமாகக் குடியிருப்பவை, உங்களுக்கும் எனக்கும் தொந்தரவு தராதவை. பிறந்து 18 நாளே ஆன குழந்தையின் கதை வேறு. தோல் மெல்லியது, நோய் எதிர்ப்புச் சக்தி இன்னும் தேறவில்லை, தொப்புள்கொடி விழுந்த இடம் சில குழந்தைகளுக்கு இந்த நாட்களில்கூட முழுதாகக் காய்ந்திருக்காது.

மணிக்கட்டு என்ன செய்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் கையைக் குலுக்குவதற்கு அந்த வாதம் சரி. பச்சைக் குழந்தையை விரலால் மட்டுமா தூக்குகிறோம்? தலையை ஒரு முழங்கை மடிப்பில் தாங்கி, மறுகையை முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கொடுக்கும்போது மணிக்கட்டு முழுக்கக் குழந்தையின் மேல்தான் இருக்கிறது. கிருமியை விடுங்கள், பட்டையின் பக்கிளும் சாவி கொடுக்கிற திருகும் பட்டாலே பிஞ்சுத் தோல் கீறிவிடும்.

உங்கள் மகள் இதைப் பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே கேட்டிருப்பார். நம் நாட்டில் பச்சிளம் குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளர்களுக்குக் கை கழுவச் சொல்லித்தரும் பயிற்சியில் முதல் படியே வளையலையும் வாட்சையும் கழற்றுவதுதான். அதற்குப் பிறகுதான் தண்ணீர், சோப்பு, முழங்கை வரை கழுவுவது எல்லாம். கொரோனா காலத்தில் 'சுமன்-கே' என்று ஒரு நினைவுச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். உள்ளங்கை, புறங்கை, மடக்கிய விரல்கள், கட்டைவிரல், நகம் என்று போகும் இந்திச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கடைசி 'கே' வந்தது 'கலாயி' என்ற சொல்லிலிருந்து. அதாவது மணிக்கட்டு. பட்டை கட்டியிருந்தால் அந்தக் கடைசி எழுத்துக்கு இடமே இல்லை.

இங்கிலாந்தில் 2007-ல் அரசு மருத்துவமனைகளுக்கு 'முழங்கைக்குக் கீழே வெறுங்கை' என்று ஒரு விதியே அறிவித்தார்கள். நோயாளியைத் தொடும் மருத்துவர் முழுக்கை சட்டை போடக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது. வாட்ச் கட்டுவதால் நோயாளிகளுக்குத் தொற்று கூடுகிறது என்று அன்று அசைக்க முடியாத சான்று இருந்ததா என்றால், இல்லை. மூத்த மருத்துவர்கள் பலர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனால் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் மணிக்கட்டு வரை கழுவுவது சுலபம், அவ்வளவு எளிய காரணமே போதும் என்று நானும் நினைக்கிறேன். நர்சுகள் சிலர் மார்பில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் சின்ன வாட்சைப் பார்த்திருக்கிறீர்களா? கையை உயர்த்தாமல், வாட்சைத் தொடாமல், குனிந்து பார்த்து நாடித் துடிப்பை எண்ணிக்கொள்ளலாம்.

சரி, தொல்லை என்கிறீர்களே, அதற்கு வழி என்ன? பத்து தடவை கழற்றி மாட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க வாட்ச் ஆணியில் தொங்கட்டும், வெளியே கிளம்பும்போது கட்டிக்கொள்ளுங்கள். சுவர்க் கடிகாரம் இல்லாத வீடா உங்களுடையது? வெளியே போய்விட்டு வந்த நேரத்தில் மட்டும் வரிசையைக் கவனியுங்கள். கழற்றுவது முதலில், கழுவுவது பிறகு, குழந்தையைத் தூக்குவது அதற்குப் பிறகு. கழற்றி, கழுவி, திரும்ப மாட்டிக்கொண்டு தூக்கினால் கழற்றியதற்குப் பலனே இல்லை. கழற்றியதைக் குழாய்மேடையில் மட்டும் வைக்காதீர்கள். நான் பயிற்சி மருத்துவராக இருந்த வருடம் ஆபரேஷன் தியேட்டர் பேசின் ஓரத்தில் வைத்த வாட்ச் திரும்பி வந்து பார்த்தபோது காணவில்லை. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது என் மாமனார் போட்டது, அதை வீட்டில் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று.

கழுவும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கை நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 வினாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை இருக்கும் வீட்டில் தேய்த்தலை மணிக்கட்டைத் தாண்டியும் கொண்டுபோங்கள். துடைப்பதில்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். ஈரக் கையிலிருந்தும் ஈரக் கைக்கும் கிருமி சுலபமாகத் தாவும், அதனால் துடைப்பது முக்கியம். ஆனால் காலையிலிருந்து தோளில் கிடக்கும் துண்டில் துடைத்தால் கழுவியது வீண். குழந்தைக்கென்று தூக்குகிறவர்கள் கை துடைக்கத் தனியாகத் துவைத்த துண்டு ஒன்று போட்டு வையுங்கள். கையில் அழுக்கு தெரியாதபோது சானிடைசரும் போதும். 20, 30 வினாடி, கை தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். வாட்ச் பட்டைக்கு அடியில் அது போகாது, தோல் பட்டையில் அடிக்கடி பட்டால் பட்டை வெடித்துவிடும்.

வாட்சைச் சொல்லிவிட்டு மோதிரத்தையும் கயிற்றையும் விட்டால் பாரபட்சமாகிவிடும். கோவில் கயிறு ஒரு தடவை நனைந்தால் காய மணிக்கணக்கில் ஆகும். கயிற்றை அறுத்துப் போடுங்கள் என்று நான் சொல்வதில்லை, அது உங்கள் நம்பிக்கை. நைந்து நிறம் மாறியதைக் கழற்றிப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாமே. மோதிரம் கழலும் என்றால் கழற்றுங்கள், கழலாது என்றால் நகர்த்தி அதன் அடியில் சோப்பு போடுங்கள். மோதிர விரலுக்குப் பக்கத்து இடுக்கில் சேற்றுப்புண் மாதிரி வெள்ளையாக ஊறிப்போன தோலோடு வருகிற இல்லத்தரசிகள் எத்தனையோ பேர். நாள் முழுதும் ஈரம் தங்குவதால் வரும் பூஞ்சை அது.

உங்கள் அரிப்புக்கு வருகிறேன். சம்பந்தம் உண்டு. பட்டைக்கு அடியில் வேர்வையும் சோப்பு நீரும் தங்கி, காற்றுப் படாமல், உரசி உரசி வரும் எரிச்சல்தான் அதிகம் பார்ப்பது. அடுத்தது ஒவ்வாமை. இடத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். பக்கிள் படும் இடத்தில் மட்டும், அல்லது வாட்சின் பின்மூடி அளவுக்கு வட்டமாகத் தடித்திருந்தால் உலோகத்தில் உள்ள நிக்கலைச் சந்தேகிப்போம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதே, அதே நிக்கல்தான். பட்டை ஓடும் வழி முழுதும் இருந்தால் தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியம் உப்பு காரணமாக இருக்கலாம். பல வருடம் ஒத்துக்கொண்ட வாட்ச் திடீரென்று எப்படி ஒவ்வாமல் போகும் என்று கேட்பீர்கள். ஒவ்வாமை அப்படித்தான், எந்த வயதிலும் தொடங்கும். அடுத்த கைக்கு மாற்றிக் கட்டுவது தீர்வாகாது, அரிப்பும் கூடவே அந்தக் கைக்குப் போகும்.

இரண்டு மூன்று வாரம் வாட்சே கட்டாமல் இருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது. தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். அரிப்பு அடங்கிவிட்டால் புதுப் பட்டை, கொஞ்சம் தளர்வாக. பழைய தோல் பட்டையைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். கருமை மட்டும் மறையச் சில மாதம் எடுக்கும், அதற்குக் கவலை வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்துக் கடையில் கையை நீட்டிக் காட்டி, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ஆயின்மென்ட் வாங்கிப் போடாதீர்கள். குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு அதில் இருக்கும். போட்ட இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், இருப்பது படர்தாமரையாக இருந்தால் அடையாளம் தெரியாமல் உருமாறிப் பரவும். அந்த மாதிரி கேஸ் பார்த்துப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். ஓரம் வளையமாகத் தடித்து வெளிப்பக்கம் பரவினாலோ, நீர் வடிந்தாலோ, வாட்சை விட்டும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சை என்று சொன்னால் ஒரு சர்க்கரை டெஸ்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீர் வடியும் நிலையில் இருந்தால், அது காய்கிற வரை பேரனை மடியில் மற்றவர்கள் வைத்திருக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சுவதே நல்லது. கசியும் தோலில் சீழ்ப்புண் உண்டாக்கும் கிருமிகள் சுலபமாகக் குடியேறும்.

உண்மையைச் சொன்னால், வாட்சைவிட எனக்குக் கவலை தருவது பார்க்க வரும் உறவினர்கள்தான். சளி, இருமல் உள்ளவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் குழந்தையைத் தூக்க வேண்டாம். முகத்திலும் கையிலும் முத்தம் கொடுக்க யாரையும் விடாதீர்கள், குழந்தை அந்தக் கையைத்தான் வாயில் வைக்கும். மகள் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள், வீட்டுப் பெரியவர் சொன்னால் கேட்பார்கள். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணியில் தொங்கும் வாட்சுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வினாடி முள் இருக்கும் அல்லவா? குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் சோர்ந்து தெரிந்தாலோ, மூச்சு வேகமாக இருப்பதுபோல் தோன்றினாலோ, அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உடம்புச் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தொட்டுப் பார்க்க உடம்பு சில்லிட்டிருந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால், பால் குடிப்பதையே நிறுத்திவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.