56 வயதில் 350 சிசி: விற்கவா, வைத்திருக்கவா?

கேள்வி: எனக்கு 56 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் அண்ணனின் ஆர்எக்ஸ் 100 பைக்கில் இரவு பத்து மணிக்குக் கிளம்பி விடிவதற்குள் சென்னை போய்ச் சேர்ந்தவன். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று இருபது வருஷம் ஸ்கூட்டரோடு போய்விட்டது. நடுவில் ஆர்குட்டில் பழைய பைக் நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். அதுதான் பிறகு வாட்ஸ்அப்புக்கு வந்தது. இப்போது அதில் காலை வணக்கமும் முழங்கால் வலியும் மட்டும்தான். போன வருஷம் மகன் வேலைக்குப் போனதும் 350 சிசி வண்டி எடுத்தேன். புதுச்சேரி இளைஞர்கள் குழு ஒன்றில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஈசிஆரில் மரக்காணம், மாமல்லபுரம் என்று போகிறேன். எல்லோருக்கும் 25, 28 வயது. எப்போதும் நான்தான் கடைசி. எனக்காக நின்று காத்திருக்கிறார்கள். குழுவில் "அங்கிள் வந்தாச்சா?" என்று ஸ்டிக்கர் போடுகிறார்கள். இருட்டில் திரும்பும்போது எதிர் வண்டி வெளிச்சத்தில் சாலையே தெரிவதில்லை. மனைவி வண்டியை விற்கச் சொல்கிறாள். விற்றுவிடலாமா?

- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: விற்க வேண்டாம். ஆனால் இருட்டில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணைக் காட்டி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, சூரியன் மறைவதற்குள் வண்டி வீட்டில் நிற்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ஸ்டிக்கர் இல்லை, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வெளிச்சப் பிரச்சினைதான். வயதாக ஆகக் கண்ணின் பாப்பா இருட்டில் முன்போல விரிவதில்லை. லென்ஸும் மஞ்சள் படிந்து மங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேரும் என்று கண் மருத்துவத்தில் சொல்வார்கள். புரை ஆரம்பித்திருந்தால் எதிரே வரும் எல்இடி விளக்கு கண்ணுக்குள் சிதறிப் பரவும். அந்த இரண்டு மூன்று விநாடி நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மாதிரிதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 17 மீட்டர் தாண்டிவிடும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் பின்விளக்கே இல்லாமல் ஊர்ந்து போகும் டிராக்டரை நினைத்துப் பாருங்கள். இளைஞனுக்கே அது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

நீங்கள் புதுச்சேரி போகிற கடலூர் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, புரை, கண் அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பைக் ஓட்டுகிறேன் என்று மறக்காமல் சொல்லுங்கள். படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருந்தால், மீட்டரையும் பக்கக் கண்ணாடியையும் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தும்போது படிக்கிற பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும். ஓட்டுவதற்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. ஹெல்மெட் வைசரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பாதிக் கூச்சம் அந்தக் கீறலாலேயே வரும்.

சரி, கடைசியில் போவது பற்றி. கூட்டமாகப் போகும்போது கடைசி ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். முன்னால் போகிறவர் 80-ல் போய் ஒரு பேருந்தை முந்துகிறார். அடுத்தவர் எதிர் வண்டிக்காகச் சற்றுப் பொறுத்து முந்துகிறார். இப்படி வரிசை ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே வந்து, கடைசி ஆள் பேருந்தைத் தாண்டும்போது முன்னவர் பார்வையிலேயே இருக்க மாட்டார். விட்ட இடைவெளியைப் பிடிக்க அவர் 100-ஐத் தொட வேண்டியிருக்கும். அதாவது, குழுவிலேயே மெதுவாகப் போக நினைக்கிற நீங்கள்தான் குழுவிலேயே வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை, வரிசையின் கோளாறு.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. புதியவரையும் மெதுவாகப் போகிறவரையும் வழிநடத்துகிற வண்டிக்கு அடுத்ததாக, இரண்டாவது இடத்தில் விடுவார்கள். முன்னவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்வார். சாலையும் வண்டியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். பைக் குழுக்களில் இதை லீட், ஸ்வீப் என்பார்கள், உங்கள் குழுவின் அட்மினுக்கும் தெரிந்திருக்கும். அவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள்: "தம்பி, என்னை ரெண்டாவதா விடு, 70-க்கு மேல எனக்கு வேண்டாம்." இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. சம்மதித்தால் தொடருங்கள். மறுத்தாலோ, சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் பறந்தாலோ, அவர்களோடு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள், குழுவில் மட்டும் இருங்கள்.

அந்த ஸ்டிக்கர் விஷயத்தில் நான் அந்தப் பிள்ளைகள் பக்கம்தான். மரக்காணத்தில் உப்பளம் ஓரம் வெயிலில் நின்று உங்களுக்காகக் காத்திருக்கிறவர்கள் உங்களைத் துரத்த நினைக்கவில்லை. வேண்டாதவரை "வந்தாச்சா?" என்று யாரும் கேட்பதில்லை.

வயதோடு பேச்சு மாறுவது இயல்பு. இருபதுகளில் எந்த வண்டி எவ்வளவு வேகம் போகும், எந்த சைலன்சர் எப்படிச் சத்தம் போடும் என்பதுதான் உலகம். முப்பதுகளில் பெரும்பாலோர் காணாமல் போய்விடுகிறார்கள். குழந்தைக்கு ஊசி, பள்ளிச் சேர்க்கை, மாதத் தவணை. ஐம்பதை நெருங்கும்போது கையில் கொஞ்சம் காசும் ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்ச, திரும்பி வருகிறார்கள். நீங்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1990-ல் பைக் வைத்திருப்பவர்களின் நடு வயது 32, 2018-ல் அது 50. நம் ஊரில் பைக் இன்னும் வேலைக்குப் போகிற வண்டிதான் என்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் திரும்பி வருகிறவரின் மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

உங்கள் பழைய குழுவைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது, யாஹூ குழுக்கள் 2020-ல் போயின. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சரில் கரி அடைத்தால் எப்படிச் சுட்டு எடுப்பது, எந்த உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கே எழுதி வைத்ததில் எவ்வளவோ அவற்றோடு அழிந்துபோனது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அதைத் தேடி வாங்கி ஓட்ட ஆசைப்படும் பையன்கள் உங்கள் புதுக் குழுவிலேயே இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் நண்பர்களுக்குத் தெரியும். கேட்டவனுக்குச் சொல்லுங்கள். கேட்காமல் குழுவில் அறிவுரை போடாதீர்கள். யாராவது ஈசிஆரில் பறக்கிற ரீல்ஸ் போட்டுக் கவலையாக இருந்தால், தனியாக அழைத்து ஒரு வார்த்தை பேசுங்கள். எல்லோர் முன்னாலும் எழுதினால் அடுத்த வாரம் இன்னும் வேகமாக ஒன்று போடுவான்.

பழைய குழுவில் வெள்ளிக்கிழமை இப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "ஞாயிறு காலை ஆறரைக்கு ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் இருப்பேன். பாகூர் ஏரி வரைக்கும். ஒன்பதுக்குள் வீடு." இருபது பேரும் வர மாட்டார்கள், இரண்டு பேர் வருவார்கள். ஸ்கூட்டரில் வந்தாலும் வரட்டும். இந்த வயதில் பைக் பயணத்துக்கு மூன்று பேர் போதும், ஒருவருக்கு ஒருவர் காத்திருப்பது தெரியாது. நன்றாகப் பழகிய பிறகு பிச்சாவரம், செஞ்சி என்று நீட்டலாம். மேற்கே போகிற காலைகளில் ஒன்றைக் கவனியுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், உங்களுக்குச் சுகம். எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். 2017 முதல் வரும் வண்டிகளில் முகப்பு விளக்கு தானாக எரிவது இதற்கெல்லாம்தான். அதை அணைக்கும்படி மெக்கானிக்கிடம் ஸ்விட்ச் வைக்கச் சொல்லாதீர்கள்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம். ஆர்எக்ஸ் 100 சுமார் நூறு கிலோ. இப்போதைய 350 அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓடும்போது இது தெரியாது. டீக்கடை ஓர மணலில் நிறுத்தும்போதும், சரிவில் திருப்பும்போதும், ஒரு காலை ஊன்றித் தாங்கும்போதும்தான் தெரியும். இந்த வயதில் விழுவது பெரும்பாலும் அங்கேதான், முறிவதும் மணிக்கட்டும் இடுப்பும். அதனால் மணலில் நிறுத்தாதீர்கள். திருப்ப முடியாத சந்துக்குள் முன்பக்கமாக நுழையாதீர்கள்.

இன்னொன்று பிரேக். டிரம் பிரேக் காலத்து ஆட்களுக்கு ஆபத்து என்றால் கால்தான் முதலில் அழுத்தும், முன் பிரேக் என்றாலே வழுக்கிவிடும் என்று பயம். 2019-லிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் கட்டாயம். வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆள் இல்லாத நேரான சாலையில் 30, பிறகு 40 வேகத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். லீவரில் ஒரு துடிப்பு வரும், அது ஏபிஎஸ் வேலை செய்கிற அடையாளம். பயந்து விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பவே கூடாது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் பாருங்கள். கியரையும் பிரேக்கையும் கால்தானே தொடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டுநர் உரிமத்தின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயதுக்குப் பிறகு புதுப்பித்தால் ஐந்து வருஷம்தான் கிடைக்கும். 40 தாண்டியவர்களுக்கு படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவி விற்கச் சொல்வது வண்டியைப் பிடிக்காமல் இல்லை என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, போன் செய்தால் எடுக்க முடியாது. அந்த மணித்துளிகள் அவருக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்கு அவருக்கு அனுப்பிவிடுங்கள். இரவுப் பயணம் இல்லை, 70-க்கு மேல் இல்லை என்ற இரண்டையும் அவரிடம் நீங்களே சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். அவரை ஒரு முறை பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை. நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒன்று அவருக்கும் வாங்கி, திருவந்திபுரம் கோயில் வரை கூப்பிடுங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிமிர்த்த யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால், பின்னால் பார்க்கக் கழுத்து திரும்பாவிட்டால், "அவன் எங்கிருந்து வந்தான்?" என்று அடிக்கடி அதிர்ச்சியானால், அப்போது 350-ஐ விற்றுவிட்டு 110 சிசியில் லேசான வண்டி ஒன்று எடுங்கள். பாகூருக்கு அதுவும் போகும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், கண்ணைத் தவிர மற்றதில் நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை.

கண் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் சொன்னதை எழுதுங்கள். இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தனியாக எழுதட்டும், அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.