டிரா போதும் என்றபோது சிசிலியன்

வணக்கம் சார்,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். என் 11 வயது மகள் போன வாரம் சமூக மன்றத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், கருப்புக் காய்களோடு சிசிலியன் என்ற ஆபத்தான தொடக்க முறையை ஆடி ஜெயித்தாள். டிரா செய்திருந்தாலே முதலிடம் கிடைத்திருக்கும். "எதற்கு இந்த விஷப்பரீட்சை?" என்று பயிற்சியாளர் கடிந்துகொண்டதில் அவள் முகம் வாடிவிட்டது. அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் செய்தது விஷப்பரீட்சை இல்லை.

1985 நவம்பர் 9, மாஸ்கோ. உலகப் பட்டத்துக்கான 24ஆவது, கடைசி ஆட்டம். பட்டத்துக்குச் சவால் விட்ட காஸ்பரோவ் 12-11 என்று முன்னிலையில் இருந்தார், கையில் கருப்பு. டிரா போதும். நடப்புச் சாம்பியன் கார்போவ் ஜெயித்தால் 12-12 ஆகி, பட்டம் அவரிடமே தங்கிவிடும். அந்த நிலையிலும் காஸ்பரோவ் எடுத்தது சிசிலியனைத்தான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தவை 23, 24ஆம் நகர்வுகள். வெள்ளை தன் ஜி சிப்பாயை ஏற்றிவிட்டு, ஒரு யானையையும் எச் வரிசைக்குக் கொண்டுவந்து கருப்பு ராஜாவைக் குறிவைக்கிறது. காஸ்பரோவ் பதறவில்லை. இரண்டு யானைகளையும் தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடுக்குகிறார். பார்த்தால் அடைபட்டுக் கிடப்பதுபோல இருக்கும். ஆனால் அடுத்த நகர்விலேயே எஃப் சிப்பாய் பாய்கிறது. 31ஆம் நகர்வில் ஜி சிப்பாயைப் பலிகொடுத்துக் குதிரைக்கு வழிவிடுகிறார். 42ஆம் நகர்வில் ஆட்டத்தை ஜெயித்தார். 22 வயதில் உலக சாம்பியன்.

சிசிலியனில் கருப்பு தன் சி சிப்பாயைக் கொடுத்து வெள்ளையின் நடுச் சிப்பாயை வாங்குகிறது. சி வரிசை யானைக்குத் திறக்கிறது. ஆபத்து உண்டு, ஆனால் காரணத்தோடு எடுக்கும் ஆபத்து.

டிராவை மட்டுமே பார்த்து ஆடினால் என்ன ஆகும்? 2024 டிசம்பர் 12 அன்று நம் செந்தோசாவிலேயே பார்த்தோமே. அது சிசிலியன் இல்லை, ஆனால் அதுவும் உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். வெள்ளையில் ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரன் காய்களை மாற்றி மாற்றி டிராவை நோக்கிப் போனார். ஒரு சிப்பாய் குறைவாக இருந்த நிலையில், 55ஆம் நகர்வில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். விடாமல் ஆடிய குகேஷ் ஜெயித்து, மிக இளைய உலக சாம்பியன் என்ற காஸ்பரோவின் சாதனையை 18 வயதில் முறியடித்தார்.

பயிற்சியாளர் மேல் கோபம் வேண்டாம், கையில் வந்த கோப்பை போய்விடுமோ என்ற பதற்றம் அது. இந்த வார இறுதியில் அந்த மாஸ்கோ ஆட்டத்தை மகளோடு பலகையில் வைத்துப் பாருங்கள். 31ஆம் நகர்வுக்கு முன் நிறுத்தி, "நீயாக இருந்தால் என்ன ஆடுவாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.