பாட்டிலும் பானையும்: செடிக்குச் சொட்டுத் தண்ணீர், ஆச்சியிடம் கேளுங்கள்

காரைக்குடி: ஆச்சி, ரெண்டு லிட்டர் பாட்டில்களின் மூடியில் ஓட்டை போட்டு, கத்தரிச் செடிப் பக்கத்தில் கவிழ்த்துச் செருகினேன். ஒன்று உடனே காலி. இன்னொன்றில் தண்ணீர் இறங்கவே இல்லை.

நம் பக்கத்துச் செம்மண் சரளையில் ஓட்டை திறந்திருந்தால் மடமடவென்று இறங்கிவிடும். களி அப்பிக்கொண்டால் அதோடு சரி. கவிழ்க்கவே வேண்டாம் தம்பி. பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அடியோரத்தில் காய்ச்சிய ஊசியால் ஒரே ஓட்டை போடுங்கள். மூடிதான் உங்கள் குழாய்த் திருகு. உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வரும். இறுக்கினால் நிற்கும், லேசாகத் தளர்த்தினால் சொட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஒரு லிட்டர் ஐந்தரை மணி நேரம் வரும் (20 சொட்டு சுமார் 1 மில்லி). மட்டம் இறங்க இறங்கச் சொட்டும் மெதுவாகும். மூடி இறுக்கமாக இருந்தாலும் வெயில் ஏறினால் கொஞ்சம் கசியும். உள்ளே காற்று சூட்டில் விரிவதுதான் காரணம், பாட்டில் கெட்டுப்போகவில்லை.

தேவகோட்டை: போர் தண்ணீரில் உப்பு. ஓட்டை அடைத்துக்கொள்கிறது.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து ஊசியால் குத்திவிடுங்கள். தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள்.

கானாடுகாத்தான்: வீடு பூட்டியே கிடக்கிறது ஆச்சி. வாரம் ஒருமுறைதான் சென்னையிலிருந்து வருகிறோம். பின்கட்டில் ஒட்டு மாங்கன்று வைத்திருக்கிறோம்.

20 லிட்டர் கேன் அதே வேகத்தில் நாலரை நாள்தான் தாங்கும். உங்களுக்கு மண்பானைதான் சரி. கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) ஒன்று போதும், மூடியாகிவிடும். மண் காய்ந்தால் பானையிலிருந்து இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். பாட்டிலுக்கு இந்தப் புத்தி கிடையாது! சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

குழம்பு வைத்த பழைய சட்டி என்றால் முதலில் சோதியுங்கள். எண்ணெய் ஏறியது கசியாது. தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெளிப்பக்கம் தொட்டால் ஈரம் ஒட்ட வேண்டும். பெயிண்ட் அடித்த பானையும் உதவாது. ஊருக்குக் கிளம்பும் முன் வேர்ப் பக்கம் காய்ந்த இலைச் சருகைப் போட்டு மூடிவிட்டுப் போங்கள்.

பள்ளத்தூர்: கொசு வராதா?

திறந்து கிடந்தால் வரும், அதுவும் டெங்குக் கொசு. பானை வாயைத் துணி கட்டி மூடுங்கள்.

புதுவயல்: மருத்துவமனையில் போட்டுவிடும் சலைன் குழாய் கிடைக்கிறது, மாட்டலாமா?

யாருக்கோ ஏற்றியதைத் தொடவே தொடாதீர்கள். மருந்துக்கடையில் புதிதாக வாங்கினால் நல்லதுதான். உருளையைத் திருகிச் சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். பூச்சிமருந்து டப்பாவும் ஆகாது, எத்தனை முறை கழுவினாலும்.

கோட்டையூர்: வாழைக்குப் பாட்டில் போதுமா?

யானைப் பசிக்குச் சோளப்பொரி! பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.