ஃப்ரெடோவின் நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘காட்ஃபாதர்’ படத்தில் ஃப்ரெடோவாக நடித்த ஜான் கசாலைப் பெரிய நடிகர் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தே படங்களில் நடித்து 42 வயதில் மறைந்தவரை அப்படிச் சொல்வது, அகால மரணத்தின்மீது நாம் கொள்ளும் இரக்கம்தானோ?

க., மதுரை

அன்புள்ள க.,

இரக்கத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அந்த ஐந்து படங்களுமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றன, மூன்று வென்றன என்பதையும் அவருடைய மேதைமைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்து வைக்கிறார்கள். அது அந்தப் படங்களை இயக்கிய கொப்பொலா, லூமெட், சிமினோ ஆகியோரின் கணக்கிலும் சேரவேண்டிய பெருமை. கசாலுக்கென்று ஓர் ஆஸ்கர் பரிந்துரைகூட வந்ததில்லை.

மாசசூசெட்ஸில் 1935இல் பிறந்து, நாடக மேடைகளில் பல ஆண்டுகள் உழைத்தபின், 1972இல்தான் அவர் முழுநீளப் படத்தில் தோன்றினார். தந்தை சுடப்படும்போது துப்பாக்கியைக் கைநழுவவிட்டுத் தெருவோரத்தில் அமர்ந்து அழும் ஃப்ரெடோவிடம், துயரத்தைவிட, தன் கையாலாகாத்தனம் ஊரறிய வெளிப்பட்டுவிட்ட கூச்சமே மேலோங்கி நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் (1974), சாய்வு நாற்காலியில் ஏறக்குறைய படுத்த நிலையில், தம்பியாக நடிக்கும், மேடைக் காலத்திலிருந்தே நண்பரான அல் பசினோவைப் பார்த்து, தானும் கெட்டிக்காரன்தான் என்று கத்துகிறார். எழ முயல்கிறார், நாற்காலி விடுவதில்லை. மூத்தவன் இளையவனை அண்ணாந்து பார்த்து முறையிட நேரும் அவமானத்தை, வசனத்துக்கு முன்பே அந்த உடல் சொல்லிவிடுகிறது.

‘டாக் டே ஆஃப்டர்நூன்’ (1975) படத்தில் அவர் வங்கிக் கொள்ளையன். எந்த நாட்டுக்குத் தப்பிப் போக விரும்புகிறாய் என்று கூட்டாளி கேட்க, ‘வயோமிங்’ என்கிறார். வயோமிங் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஒரு மாநிலம். திரைக்கதையில் இல்லாத அந்தப் பதிலைப் படப்பிடிப்பின்போது கசாலே சொன்னார். சிரிக்கவைக்கும் நோக்கம் முகத்தில் துளியும் தெரியாததால், எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கடைசிப் படமான ‘தி டியர் ஹன்டர்’ தொடங்கும் முன்பே நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்ததால், அவருடைய காட்சிகளை முதலில் எடுத்து முடித்தார்கள். அதில் உடன் நடித்தவரும் அவருடைய காதலியுமான மெரில் ஸ்ட்ரீப் இறுதிவரை அருகிலிருந்தார். 1978 மார்ச்சில் கசால் இறந்தார். படம் டிசம்பரில் வெளிவந்தது. இத்தனையும் தெரிந்தபின் அந்தப் படத்தைப் பார்த்தால், நீங்கள் அஞ்சும் இரக்கம் தவறாமல் குறுக்கே வரும். ஆகவே அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு.