லாரல் – ஹார்டி, பஸ்டர் கீட்டன் காலத்துக் குறும்படங்கள் இன்றும் சிரிக்க வைப்பது எப்படி? குழந்தைகளோடு பார்க்க எதில் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால், அந்தப் படங்களில் வருபவர்கள் யாரும் நம்மைச் சிரிக்க வைக்கப் பார்ப்பதில்லை, அதுதான் முதல் காரணம். கையில் இருக்கும் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். பியானோவை மேலே ஏற்ற வேண்டும், வீட்டைக் கட்ட வேண்டும், கிறிஸ்துமஸ் மரத்தை விற்க வேண்டும். கதையே அவ்வளவுதான். அவர்கள் எவ்வளவு சிரத்தையாகப் பாடுபடுகிறார்களோ அவ்வளவுக்கு நமக்கு வயிறு வலிக்கிறது. இந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறவன். ஒவ்வொரு முறையும் இந்த எண்ணம்தான் உறுதிப்படுகிறது.

அமெரிக்க நகைச்சுவை ஜோடியான லாரல் – ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் ரோச் ஸ்டுடியோவுக்காக ஜேம்ஸ் பாரட் இயக்கி 1932ல் வந்தது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியபோது முதல் விருது இதற்குத்தான் கிடைத்தது. ஒரு பெண் தன் கணவரின் பிறந்தநாளுக்குப் பரிசாகப் பியானோ வாங்குகிறார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இவர்கள் இருவருக்கும். வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஏறிப் போக நீண்ட படிக்கட்டு. லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிகள் இன்றும் இருக்கின்றன, மொத்தம் 133. ரசிகர்கள் தேடிப் போய் ஏறிப் பார்க்கிறார்கள்.

பாதி தூரம் ஏறியதும் மேலேயிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆயா இறங்குகிறார். அவருக்கு வழி விட வேண்டுமே என்று இருவரும் மரியாதையாக ஒதுங்க, பிடி நழுவி, பியானோப் பெட்டி படிப் படியாக இடித்துக்கொண்டு தெருவுக்கே போய்விடுகிறது. இது பேசும் படம் என்பதால், பெட்டி ஒவ்வொரு படியில் இடிக்கும்போதும் உள்ளே கம்பிகள் அதிரும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே பியானோவின் எடை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் மறுபடி ஏற்றம். இந்த முறை ஒரு பேராசிரியர் எதிரே வந்து, தன் பட்டங்களையெல்லாம் அடுக்கி, வழி விடச் சொல்லிக் கத்துகிறார். மறுபடி ஒரு சண்டை, ஒரு தொப்பி பறிபோகிறது. கடைசியில் எப்படியோ உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே வரும் தபால்காரர், "இதை ஏன் படியில் தூக்கி வந்தீர்கள்? சுற்றி வர சாலை இருக்கிறதே, வண்டியிலேயே வந்திருக்கலாமே" என்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அம்மாவோடு இதைப் பார்த்தபோது இந்த இடத்தில் அவர், "அடப் பாவிங்களா, மறுபடியும் கீழ இறக்கப் போறானுங்களா?" என்று கத்தியே விட்டார். ஆமாம், அதைத்தான் செய்கிறார்கள். பியானோவை அத்தனை படியும் இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனால் என்ன நடக்கப் போகிறது என்பது படத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மொழியும் காலமும் தடையாக இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எடை, சரிவு, பிடி நழுவுவது எல்லாம் உடம்பு அறிந்த விஷயங்கள். படி, பெட்டி, மனிதன் மூன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்துவிட்டு அவசரப்படாமல் காத்திருக்கிறது கேமரா. மீதியை நம் மனதே ஓட்டிப் பார்த்துவிடுகிறது.

இதில் ஹார்டி மட்டும் அவ்வப்போது நேராக நம்மைப் பார்ப்பார். அப்போதும் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. 'இவனோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா' என்ற பார்வை அது. கண்ணியமான மனிதர் என்று பெயரெடுக்க ஆசைப்படும் ஒருவரின் உண்மையான வேதனை அதில் இருக்கும். அதனால்தான் அவர் மேல் நமக்குப் பிரியம் வருகிறது. படத்தின் பிற்பகுதியில், சிதறிக் கிடக்கும் அறையைச் சுத்தம் செய்தபடியே, தானாக வாசிக்கும் அந்தப் பியானோவின் இசைக்கு இருவரும் ஆடுவார்கள். அத்தனை அடிபட்ட உடம்புகள் அவ்வளவு லேசாக ஆடுவதைப் பார்க்கவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடுவேன். 1927ல் இதே படிகளில், துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இவர்கள் நடித்த 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற ஊமைப்படம் தொலைந்துபோன படங்களில் ஒன்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஊமைப்படக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன் வேறு ரகம். சிறு வயதிலேயே பெற்றோரோடு மேடை ஏறியவர். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் அந்த நிகழ்ச்சியின் முக்கிய அம்சமே. பிடித்து வீச வசதியாகச் சட்டையில் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்களாம். தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் அதிகம் சிரிக்கிறது என்பதை அந்த மேடையில் கற்றுக்கொண்டார். கடைசி வரை அதை விடவில்லை.

அவருடைய 'ஒன் வீக்' 1920ல் வந்தது. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்குப் பரிசாக ஒரு வீடு வருகிறது, பெட்டிகளில். எண் வரிசைப்படி துண்டுகளைச் சேர்த்தால் வீடு தயார். அந்தக் கால அமெரிக்கர்களுக்கு இது கற்பனையே இல்லை. சியர்ஸ் நிறுவனம் 1908லிருந்தே தபாலில் ஆர்டர் எடுத்து வீடுகளை விற்றுக்கொண்டிருந்தது. கதாநாயகி மேல் ஆசை வைத்து ஏமாந்த ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். அந்த எண்களை அப்படியே நம்பி இவர்கள் கட்டும் வீட்டுக்கு மாடியில் ஒரு கதவு, திறந்தால் வெறும் வெளி. புயல் அடிக்கும்போது வீடே குடைராட்டினம் மாதிரி சுற்றுகிறது. அதற்காகவே சுழலும் மேடை ஒன்றின் மேல் அந்த வீட்டைக் கட்டினார்கள்.

இந்தப் படத்தின் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது தண்டவாளத்தின் மேல் மாட்டிக்கொள்கிறது. தூரத்தில் ரயில் வருகிறது. எவ்வளவு தள்ளியும் வீடு நகரவில்லை. இருவரும் நம்பிக்கை இழந்து விலகி நிற்கிறார்கள். ரயில் வீட்டை உரசுவதுபோல வந்து, பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அது வேறு தண்டவாளம் என்று நமக்குத் தெரியாதபடி கேமராவை வைத்திருக்கிறார் கீட்டன். இருவரும் பெருமூச்சு விடுகிறார்கள், நாமும் விடுகிறோம். அந்த நொடியில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்கிவிடுகிறது. பொம்மை ரயிலும் இல்லை, பொம்மை வீடும் இல்லை. நூறு வருடம் கழித்தும் அந்தக் காட்சி திடுக்கிட வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன்பிறகு கீட்டன் அழவில்லை, கோபப்படவில்லை. இடிபாடுகளின் மேல் 'விற்பனைக்கு' என்ற பலகையை மாட்டி, கட்டும் முறை அச்சிட்ட தாளையும் சேர்த்து வைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவர் சிரிக்காமல் இருப்பதில் இருக்கும் மனத்தெம்பு எனக்கு மிகவும் பிடிக்கும். மனைவியாக வரும் சிபில் சீலியும் சும்மா நின்று அலறும் நாயகி இல்லை. வேலையில் சரிபாதி அவர் செய்கிறார்.

எல்லாப் பழைய படமும் பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். 1910களின் தொடக்கத்தில் கீஸ்டோன் நிறுவனம் எடுத்த துரத்தல் படங்கள் பலவும் எனக்கு அலுப்பாகவே இருக்கின்றன. ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஏன் என்பதே மனதில் நிற்பதில்லை. அந்தக் காலப் படங்கள் சிலவற்றில் கருப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகளும் உண்டு. குழந்தைகளோடு உட்கார்வதற்கு முன் நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பிரதியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஊமைப்படங்களை நொடிக்குக் குறைந்த எண்ணிக்கையில் சட்டகங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) வைத்து, கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். பின்னாளில் நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் ஓட்டியபோது எல்லோரும் விலுக்கு விலுக்கென்று ஓடுவதுபோல ஆகிவிட்டது. 'பழைய படம் என்றால் வேகமாக ஓடும்' என்ற எண்ணம் பலருக்கும் அப்படி வந்ததுதான். வேகத்தைச் சரிசெய்து புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். 'தி மியூசிக் பாக்ஸ்' படத்துக்கு வண்ணம் பூசிய பிரதியும் உண்டு. அதை விட்டுவிட்டு கருப்பு வெள்ளையிலேயே பாருங்கள்.

குழந்தைகள் சின்னவர்கள் என்றால் 'ஒன் வீக்' முதலில். பேச்சே இல்லை, இடையில் வரும் சில எழுத்து அட்டைகளை நீங்கள் படித்துச் சொன்னால் போதும். அடுத்து 'தி மியூசிக் பாக்ஸ்'. அது பிடித்துவிட்டால் 1929ல் வந்த 'பிக் பிசினஸ்'. அதில் கிறிஸ்துமஸ் மரம் விற்க வரும் லாரலும் ஹார்டியும், வாங்க மறுக்கும் ஜேம்ஸ் ஃபின்லேசனும் ஏட்டிக்குப் போட்டியாக இறங்குகிறார்கள். அவர் இவர்கள் காரை உடைக்க, இவர்கள் அவர் வீட்டைக் குட்டிச்சுவராக்குகிறார்கள். ஒருவர் உடைத்து முடிக்கும்வரை மற்றவர் பொறுமையாக நின்று பார்க்கும் ஒழுங்குதான் அதன் சுவையே. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' (1917) காட்டலாம், அதில் சிரிப்போடு பசியும் இருக்கிறது. எந்தப் படமாக இருந்தாலும் நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். அந்தப் பெட்டி நழுவப் போகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்தட்டும்.