வாசகர் கேள்வி பதில்: ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?

கேள்வி: ஐயா, என் அக்கா குடும்பத்தோடு சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்துவிட்டார். "பத்துக் கற்பனைகளில் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு நாலாவதான ஓய்வுநாள் கட்டளையை மட்டும் விட்டுவிட்டீர்களே" என்கிறார். ஞாயிறு ஆராதனையே ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தது, அது சூரிய வணக்கம் என்றும் சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரியா?

பதில்: சகோதரி, உங்கள் அக்கா சொல்வதில் சரியானதும் இருக்கிறது, தவறானதும் இருக்கிறது. சரியானதை முதலில் ஒத்துக்கொள்வோம். வேதாகமத்தில் ஓய்வுநாள் என்றால் ஏழாம் நாள்தான், அதாவது வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை சூரியன் மறையும் வரை. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன் என்று இயேசுவும் சொல்லவில்லை, அப்போஸ்தலரும் எழுதவில்லை. இயேசு தம் வழக்கத்தின்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4:16 சொல்கிறது. மாற்றத்துக்கு வசனம் இருப்பதுபோல நம்மில் பலர் பிரசங்கம் பண்ணுகிறோம், அது நேர்மையில்லை.

ஆனால் கான்ஸ்டன்டைன் கதை நிற்காது. அவர் கி.பி. 321 மார்ச் 7-ல் போட்ட சட்டம் ஓய்வைப் பற்றியது: நீதிபதிகளும் நகரத்து மக்களும் தொழிற்கூடங்களும் ஞாயிறன்று வேலையை நிறுத்த வேண்டும், விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு. அதற்கு 160 வருடங்களுக்கு மேல் முன்பே, ஏறக்குறைய 155-ல், இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின் ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். நகரத்திலும் கிராமத்திலும் இருக்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்தையோ நேரம் இருக்கிறவரை வாசிக்கிறார்கள், தலைவர் புத்தி சொல்கிறார், எல்லோரும் எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுகிறது, வராதவர்களுக்கு வீட்டுக்கே அனுப்பப்படுகிறது, அப்புறம் திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை. ஏன் அந்த நாள் என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார்: தேவன் இருளை மாற்றி உலகத்தைப் படைத்த முதல் நாள் அது, இயேசு உயிர்த்தெழுந்த நாளும் அதுவே. இதில் சூரிய வணக்கம் எங்கே இருக்கிறது? நாளின் பெயரில் சூரியன் இருப்பதே குற்றம் என்றால் சனிக்கிழமையின் பெயரிலும் ஒரு கிரகம் இருக்கிறதே.

இன்னும் பின்னால் போனால், வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கும்படி துரோவாவில் சீஷர்கள் கூடினது அப்போஸ்தலர் 20:7-ல் இருக்கிறது. அன்றைக்குப் பவுல் நடுராத்திரி வரை பேசினார், ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவன் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவனாக இருக்கலாம் என்பது என் ஊகம். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது: அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாளே கிடையாது. அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைய இருந்த சபைகள் வேலைக்கு முன்னோ பின்னோ கூடித்தான் ஆராதித்திருக்க வேண்டும். அதனால் முதல் நூற்றாண்டுகளின் ஞாயிறு இடம் மாறி வந்த ஓய்வுநாள் இல்லை, உயிர்த்தெழுதலுக்காகக் கூடுகிற தனி நாள் என்றே நான் நம்புகிறேன்.

அந்த ஒன்பது கற்பனை கேள்விக்கு வருகிறேன், அதுதான் கடினமானது. 1646-ல் எழுதி முடிக்கப்பட்ட, பிரஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஏழில் ஒரு நாள் என்பது என்றைக்கும் மாறாத கட்டளை, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்குப் பின் அந்த நாள் வாரத்தின் முதல் நாளாயிற்று, அதுவே 'கிறிஸ்தவ ஓய்வுநாள்' என்றது. ஸ்காட்லாந்தின் எரிக் லிடில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்ததும், பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றதும் இந்த நம்பிக்கையின் பலன்தான். லூத்தரன் சபைகளின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது: ஓய்வுநாள் பிரமாணம் முடிந்துபோனது, ஜனங்கள் எப்போது கூடுவது என்று தெரிய ஒரு நாள் வேண்டும், அதற்காகவே ஞாயிறு. கத்தோலிக்க சபை ஞாயிறு ஓய்வுநாளின் ஆவிக்குரிய பொருளை நிறைவேற்றுகிறது என்று போதித்து, அன்று திருப்பலியில் பங்கெடுப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. எத்தியோப்பிய சபையோ பல நூற்றாண்டுகளாகச் சனி, ஞாயிறு இரண்டையுமே மதிக்கிறது.

உங்கள் அக்காவின் சபை வந்த வழியையும் சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழாம் நாளைக் கைக்கொண்ட பாப்டிஸ்ட் சபைகள் இருந்தன. அந்த மரபைச் சேர்ந்த ரேச்சல் ஓக்ஸ் என்ற பெண் 1844 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த, இயேசுவின் வருகை சமீபம் என்று காத்திருந்த அட்வென்ட் விசுவாசிகளிடம் ஓய்வுநாளைப் பற்றிப் பேசினார். 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தது. வேதத்தைத் தேடிப் படித்து, விலை கொடுத்துக் கைக்கொள்கிறவர்கள் அவர்கள், கேலி பண்ணாதீர்கள். வெள்ளி மாலை வேலையை மூடிவைத்துவிட்டுக் குடும்பமாக ஜெபத்தில் உட்காருகிற அழகை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வாரத்து வேலையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டு ஓடுகிற நமக்கு ஓய்வு என்பதே மறந்துவிட்டது. அக்காவிடம் வாதத்துக்குப் போகாமல் ரோமர் 14-ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்கிறார் பவுல். கொலோசெயர் 2:16-ம் ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த இடம் கொடாதிருங்கள் என்கிறது. அட்வென்டிஸ்டுகள் அந்த வசனத்தை வருடாந்தரப் பண்டிகை ஓய்வுநாட்களுக்கு மட்டும் பொருத்துவார்கள், அதையும் பொறுமையாகக் கேளுங்கள்.

கேள்வி: காலண்டரை எத்தனையோ முறை மாற்றியிருக்கிறார்களே, இயேசு காலத்துச் சனிக்கிழமைதான் இன்றைய சனிக்கிழமை என்று எப்படிச் சொல்வது?

பதில்: தேதிதான் மாறியது, கிழமை மாறவில்லை. 1582-ல் போப் கிரகோரி காலண்டரைத் திருத்தியபோது அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று வைத்தார்கள். யூதர்களும் உலகெங்கும் சிதறியிருந்தும் ஒரே நாளையே ஓய்வுநாளாக வைத்திருக்கிறார்கள். சிக்கல் வருவது பசிபிக் கடலில் ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்குகிற சர்வதேச தேதிக்கோட்டில்தான். சமோவா தீவு நாடு அந்தக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறுவதற்காக 2011-ல் டிசம்பர் 30-ஐ, அது வெள்ளிக்கிழமை, அப்படியே தாண்டியதால் அங்கே அட்வென்டிஸ்டுகளே எது ஏழாம் நாள் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். பக்கத்துத் தீவு நாடான டோங்காவில் ஊரார் ஞாயிறு என்று அழைக்கிற நாளில்தான் அட்வென்டிஸ்டுகள் ஓய்வுநாளை ஆசரிக்கிறார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு டூட்டி விழுந்துவிடுகிறது. கர்த்தருடைய நாளில் சம்பளத்துக்கு வேலை செய்வது பாவம் என்று சபையில் ஒருவர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை.

பதில்: பாவம் இல்லை. சூம்பின கையையுடைய மனுஷனை இயேசு ஓய்வுநாளிலேயே குணமாக்கினார், அதற்காகத்தான் பரிசேயர் அவரைக் கொல்ல ஆலோசித்தார்கள். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று கேட்டவர் உங்கள் வார்டில் படுத்திருப்பவரை விட்டுவிட்டு வா என்று சொல்வாரா? ஆனால் உங்களுக்கும் ஓய்வு வேண்டும். உபாகமம் 5-ல் அதே கற்பனைக்கு வேறொரு காரணம் இருக்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். ஓய்வு உழைக்கிறவர்களுக்காகத்தான் கொடுக்கப்பட்டது. டூட்டி இல்லாத ஒரு நாளை எடுத்து, போனை அணைத்து வைத்து, தூங்கி, ஜெபித்து, வீட்டாரோடு இருங்கள். ஞாயிறு வர முடியாத மாதங்களில் வாரநாளில் திருவிருந்து கொடுக்க முடியுமா என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள், உங்களைப்போல் டூட்டி பார்க்கிற இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் மறுக்கமாட்டார்.