அக்காவுக்கு போன், தம்பிக்கு என்ன?

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வாரச் சம்பளம், மாதத்துக்கு 34,000 ரூபாய் போல வரும். 60,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் மகள் நீட் வீடியோ பார்க்க 24,000 ரூபாய் போன் கேட்கிறாள். அவளுக்கு வாங்கினால் எனக்கும் வேண்டும் என்கிறான் ஏழாவது படிக்கும் மகன். கையில் சீட்டுப் பணம் 18,000 இருக்கிறது. கடையில் வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் பழைய போனை 9,000க்குத் தருகிறார். என்ன செய்யலாம்? - வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தத் தவணையை விட்டுவிடுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பைனான்ஸ் கம்பெனிக்கான வட்டியைக் கடையோ போன் கம்பெனியோ கட்டுகிறது. ரொக்கம் கொடுத்தால் உங்களுக்குக் குறைத்திருக்கக்கூடிய தொகைதான் அது. இதற்கு மேல் பிராசசிங் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை, தவணை போவதோ மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில். அன்று கணக்கில் பணம் குறைந்தால் பைனான்ஸ்காரர் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலிலும் பதிவு. ஆர்டர் குறைந்து வேலை இல்லாத வாரங்கள் திருப்பூரில் வராமலா இருக்கும்?

மகளுக்கு போனைவிட டேப் நல்லது. பாடப் புத்தக பிடிஎஃப்பை ஆறு அங்குலத் திரையில் இழுத்து இழுத்துப் படித்தால் கண்தான் நோகும். சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள பத்து அங்குல டேப் 13,000 ரூபாய்க்குள் கிடைக்கும். உங்கள் போன்களில் தினமும் மிஞ்சும் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் கொடுங்கள். இதில்தான் பெரிய மிச்சம். 28 நாள் ரீசார்ஜ் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை. ஒரு முறைக்கு 300 ரூபாய் என்றாலும் மூன்று வருடத்தில் 11,700 ஆகிறது. யாரும் கணக்கில் சேர்க்காத பணம் இது.

டியூஷன் முடிந்து பஸ் ஏறியதும் கூப்பிட 1,500 ரூபாய் பட்டன் போன் போதும். டேட்டா இல்லாமல் பேச மட்டுமான ரீசார்ஜ் இப்போது இருக்கிறது. கிளாஸில் எல்லோரும் டச் போன் வைத்திருக்கும்போது இதை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். பட்ஜெட்டை அவள் முன்னால் எழுதிக் காட்டுங்கள்; பிளஸ் ஒன் பிள்ளைக்குப் புரியும்.

மகனுக்கு இப்போது தனியாக எதுவும் வேண்டாம். அக்கா படிக்காத நேரத்தில் அந்த டேபிலேயே தமிழக அரசின் மணற்கேணி செயலியைப் பார்க்கட்டும். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை பாடங்கள் இலவசம்.

பழைய போனும் வேண்டாம். பழகியவர் என்று வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பில்லைக் கேளுங்கள். அந்த போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும்; KYM என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

டேப், பட்டன் போன், கவர் எல்லாம் சேர்த்து 15,500க்குள் முடியும். மீதி 2,500ஐ நகைக்கடனில் கட்டிவிடுங்கள். டேபைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் உங்கள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு, செயலி இறக்கவும் காசு கட்டவும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள். ஏடிஎம் கார்டு எண்ணை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள்.